பிடி அரிசியும் ஒரு மிஷினும்

1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாதவை மூடியே கிடக்க வேண்டும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அந்த வழக்கு, இன்று சட்டம் படிக்கும் மாணவிகளுக்குப் பாடம். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. வாணியம்பாடியில் அவர் வேலை பார்த்த டேனரி மூடப்பட்டது. ஆலங்காயத்துக்குத் திரும்பி வந்து, மாந்தோப்புக் காவல், கிணறு தூர் வாருவது என்று கிடைத்ததைச் செய்தார். அப்போது எனக்கு 12 வயது. ஊரில் எல்லோரும் அவரைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "பாவம், கோர்ட்டு மூடிடுச்சி."

24 வருடம் கழித்து என் தொழில் மூடியது. 2020 மார்ச் கடைசியில் நாடே பூட்டப்பட்டது. அது யாருடைய குற்றமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதே ஊர் சொன்னது: "அவ தொழில தொலைச்சிட்டா."

அப்பாவுக்கு மூடியது கோர்ட்டு. எனக்கு மட்டும் தொலைத்தது நானே. ஆண் விழுந்தால் அது நடந்த சம்பவம். பெண் விழுந்தால் அது அவளுடைய குணம். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல், விழுந்த பெண் எப்படி எழுகிறாள் என்று பேச முடியாது. எனக்கு எழுவதற்குத் துணையாக இருந்தது கிறிஸ்தவ விசுவாசம். ஆனால் முதலில் என்னை அழுத்திப் பிடித்ததும் அதே விசுவாசத்தின் பெயரால் பேசப்பட்ட பேச்சுகள்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தொழில் அப்பர் தைப்பது. ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். வெட்டிய தோல் துண்டுகளின் ஓரத்தை ஸ்கைவிங் மிஷினில் மெல்லிசாகச் சீவி, சொல்யூஷன் தடவி மடித்து, லைனிங் வைத்துத் தைக்க வேண்டும். அடிப்பாகம் ஒட்டுவதெல்லாம் கம்பெனியில். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். நானும் 18 வயதில் அந்த பஸ்ஸில் ஏறினேன். தோல் வேலை என்று சொன்னாலே சாதியைக் கேட்காமலே கேட்டுவிடும் ஊர்கள் இவை. அந்த வாசனையோடுதான் கல்யாணமும் நடந்தது, இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள்.

2017இல் வீட்டு முன்னறையில் நான்கு பழைய மிஷின்களைப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தேன். மகளிர் குழுக் கடன் பாதி, நகை அடகு பாதி. என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு ஆம்பூர் வரை போக முடியாதவர்கள் அவர்கள். மூன்று வருடம் நன்றாகவே ஓடியது.

ஆம்பூரில் தைக்கிற ஷூ ஐரோப்பாவில்தான் விற்கும். அங்கே கடைகள் மூடியதும் இங்கே ஆர்டர் நின்றது. பாதி தைத்த அப்பர்கள் மூட்டையாக என் வீட்டில் கிடந்தன. ஜூனில் ஏஜென்ட் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். முடியாத பீஸுக்குக் கூலி கிடையாது என்றார். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தவணைக்கு விலக்கு கொடுத்தது உண்மைதான். ஆனால் வட்டி தூங்கவில்லை. செப்டம்பரில் தவணை கேட்டு ஆள் வந்தபோது கடன் முன்னைவிடப் பெருத்திருந்தது. மூன்று மிஷினை விற்றேன். ஒன்றை மட்டும் விற்க மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கெட்டவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், "நான் அப்பவே சொன்னேன்" என்பார். அவர் எப்போது என்ன சொன்னார் என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

அந்த மாதங்களில் ஆலயம் பூட்டியிருந்தது. பிரசங்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. அவற்றில் ஒன்று ஆகான் கதை. யோசுவாவின் சேனை தோற்றதற்கு, ஆகான் என்பவன் கூடாரத்தில் ஒளித்து வைத்த பொருள்தான் காரணம். ஆகவே உன் தொழில் தோற்றிருந்தால் உன் கூடாரத்தைத் தோண்டிப் பார் என்று முடித்தார் பிரசங்கியார். அதை எனக்கு அனுப்பியவர் சபையில் என் பக்கத்தில் உட்காருகிறவர், நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார். இன்னொருவர் தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தாயா என்று போனில் கேட்டார். மூன்றாமவர், புருஷனுக்கு மேலாகத் தலை தூக்கினால் வீடு நிற்காது என்று ஜெபத்திலேயே சொல்லிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்ட ஜெபம். பதில் பேச முடியாது.

கிறிஸ்தவர் அல்லாத தோழிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபைகளில் 'சாட்சி' என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சொல்வது. மேடையில்லாத பெண்களுக்கு அது ஒரு மேடை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மைக்கைப் பிடித்துத் தன் கதையைச் சொல்வாள். ஆனால் அதற்கு எழுதாத விதி ஒன்று இருக்கிறது: கதை முடிந்திருக்க வேண்டும். வியாதி குணமாகியிருக்க வேண்டும், கடன் தீர்ந்திருக்க வேண்டும், குடிகாரப் புருஷன் திருந்தியிருக்க வேண்டும். கதை நடுவில் இருக்கிற பெண்ணுக்கு மைக் கிடைக்காது. அவளுக்கு ஜெபம்தான் கிடைக்கும்.

இப்படி இருந்தபோதுதான் வேதாகமத்தில் ரூத்தின் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். நான்கே அதிகாரம். ஞாயிறு பள்ளியில் ரூத்தை நல்ல மருமகள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாமியாரை விட்டுப் போகாதவள், அவ்வளவுதான். இந்த முறை என் கண் மாமியார் மேல் நின்றது. நகோமி பஞ்சத்துக்குப் பயந்து குடும்பத்தோடு மோவாபுக்குப் போனவள். அங்கே புருஷன் செத்தான், இரண்டு மகன்களும் செத்தார்கள். வெறுங்கையோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் ஓடி வந்து, இது நகோமிதானா என்று பார்க்கிறார்கள். அவள், இனி அந்தப் பெயர் வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். கசப்பு என்று அர்த்தம். நிறைவாகப் போனவளைக் கடவுள் வெறுமையாகக் கூட்டி வந்தார் என்று நடுத்தெருவில் நின்று சொல்கிறாள்.

இதற்கு அந்தப் புத்தகத்தில் ஒருவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவிசுவாசமாகப் பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. கூடாரத்தைத் தோண்டச் சொல்லவில்லை. வானத்திலிருந்து குரலும் வரவில்லை. கதையின் தொடக்கத்திலேயே, இன்னும் ஒன்றும் சரியாகாதபோதே, அவளுக்குச் சாட்சி சொல்ல இடம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அவளை எழுப்பியது அற்புதம் இல்லை, ஒரு சட்டம். அறுவடை செய்கிறவன் வயலின் ஓரத்தை முழுக்க அறுக்கக் கூடாது, சிந்திய கதிர் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்று லேவியராகமத்தில் இருக்கிற சட்டம். ரூத் போய்க் கதிர் பொறுக்கினாள். அடுப்பு எரிந்தது. ரூத்துக்கு அந்த வயலில் ஆபத்தும் இருந்தது என்பதைக் கதை மறைக்கவில்லை. கூலிக்காரர்கள் அவளைத் தொடக் கூடாது என்று வயல்காரன் போவாஸ் தனியாகக் கட்டளையிட வேண்டியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கட்டளை எதற்கு என்று புரியும்.

எங்கள் ஊரில் அந்தக் கதிருக்கு ஒரு பெயர் உண்டு. பிடி அரிசி.

சோறு வடிக்க அரிசி அளந்தெடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் டப்பாவை ஆலயத்துக்குக் கொண்டு போவோம். மிசோராம் சபைகளில் பெண்கள் 1910 முதலே இப்படிச் செய்கிறார்கள். அங்கே அந்த அரிசியால் ஊழியமே நடக்கிறது. கையில் காசு இல்லாத பெண்கள் கண்டுபிடித்த காணிக்கை இது. புருஷனிடம் கேட்க வேண்டியதில்லை. அரிசிப் பானை அவள் கையில்தான் இருக்கிறது. எங்கள் சபையில் அந்த அரிசியை ஏலம் விட்டுக் கட்டட நிதியில் சேர்ப்பது வழக்கம். 2020இல் ஆலயம் பூட்டியிருந்ததால் ஏலம் இல்லை. பெண்கள் சங்கத்தில் மூத்தவரான ஒரு பெரியம்மா வீடு வீடாகப் போய் டப்பாக்களை வாங்கி, அடுப்பு எரியாத வீடுகளுக்குக் கொண்டு போனார். ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். நான் தயங்கி நின்றேன்.

"இன்னாடி யோசிக்கற? பாத்திரம் எடுத்தா."

"வேணாம் பெரியம்மா. இன்னும் கஷ்டப்படறவங்க இருப்பாங்க."

"இது தர்மம்னு நெனைக்காத. கல்யாணமாயி வந்ததுலேர்ந்து பதினாலு வருசம் நீயும் போட்டதுதானே? உன்னுது உன்கிட்ட வருது."

கூடாரத்தில் ஒளித்து வைத்தது என்ன என்று ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, நான் கொடுத்து வைத்தது என்ன என்று ஒருத்தர் நினைவுபடுத்தினார். அவர் ஜெபம்கூடப் பண்ணவில்லை. வெயிலில் அடுத்த வீட்டுக்கு நடந்தார். என் விசுவாசம் திரும்பி வந்தது அந்த மத்தியானம்தான் என்று என்னால் நாள் குறித்துச் சொல்ல முடியும்.

அப்போது எனக்கு இன்னொரு பெண்ணும் நினைவுக்கு வந்தார். சில வருடங்களுக்கு முன் என் சித்தி மகன் புளியமரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில் தங்கியிருந்தான். துணைக்கு நான் இருந்தேன். அந்த மையத்துக்கு மேரி வர்கீஸ் என்று பெயர். யார் அவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1925இல் கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெண்கள் நோய் மருத்துவராக விரும்பியவர். 1954இல் ஒரு வாகன விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று, முகத்திலும் ஆழமான தழும்பு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு நம் ஊரில் அத்தோடு எல்லாம் முடிந்ததென்று சொல்லிவிடுவார்கள்.

தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வதில் முன்னோடியான டாக்டர் பால் பிராண்ட் அங்கே இருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கத்தியை எடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குச் சிகிச்சைக்குப் போய், நாற்காலியோடு சுயமாக வாழக் கற்றார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1963இல் வேலூரில் அந்தத் துறையின் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் இறந்தார். ஜெபிக்கிற குடும்பத்தில் பிறந்தவர், கடைசி வரை விசுவாசத்தில் இருந்தவர். அவருடைய கால்கள் கடைசி வரை நடக்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். குணமானால்தான் சாட்சி என்றால், அவருக்கு மைக்கே கிடைத்திருக்காது. அவர் நடக்கவில்லை. ஆனால் என் சித்தி மகன் தானாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொண்டான். அவர் திரும்பவும் தொடங்கியது பழைய இடத்தில் இல்லை என்பதையும் கவனித்தேன். பெண்கள் நோய் மருத்துவம் கைவிட்டுப் போயிற்று. கை அறுவை சிகிச்சை, அங்கிருந்து மறுவாழ்வு மருத்துவம் என்று அவர் பாதை நகர்ந்துகொண்டே போனது. அவர் மட்டும் தனியாக எழுந்துவிடவும் இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது, சக்கரம் ஏற சாய்தளம் இருந்தது, பெண் ஒருத்தி மருத்துவராகப் படிக்க ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரியே ஒரு தடவை மூடும் விளிம்புக்குப் போய்த் திரும்பியதுதான். ஐடா ஸ்கடர் 1918இல் அதைப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கினார். பள்ளி அளவிலான மருத்துவப் படிப்பு இனி செல்லாது, பட்டப் படிப்பாக உயர்த்த வேண்டும் என்று 1930களின் இறுதியில் அரசு சொன்னபோது, அதற்கான பணமும் ஆட்களும் அவர்களிடம் இல்லை. எழுபது வயதில் அவர் அமெரிக்காவுக்குப் போய் மறுபடி நிதி கேட்டார். 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது.

பெரிய மனுஷிகளின் கதையை நம் கதையோடு முடிச்சுப் போடுவது எனக்குக் கூச்சம்தான். ஆனால் அவர்களிடமிருந்து ஒரு முறையை எடுத்துக்கொண்டேன். என்ன போயிற்று என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, உட்கார்ந்துகொண்டே எதைச் செய்ய முடியும் என்று எண்ணினேன். விற்காத ஒரு மிஷின் இருந்தது. 15 வருடம் தைத்த கை இருந்தது. என்னோடு வேலை செய்த பெண்களில் இரண்டு பேர் கூப்பிட்டால் வருவார்கள்.

2021 ஜூலையில் மறுபடி தொடங்கினோம். இந்த முறை முதலாளி, கூலி என்று இல்லை. மூன்று பேரும் பங்காளிகள். புதுக் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். எத்தனை ஜோடி, என்ன ரேட், எந்தத் தேதி, பாதியில் நின்றால் என்ன கூலி என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கை இறக்க விடுவோம். இரண்டு ஏஜென்ட்கள், பொம்பளைங்களுக்கு இவ்வளவு சட்டமா என்று போய்விட்டார்கள். மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார். ஏற்றுமதியை மட்டும் நம்பாமல் பள்ளிக்கூடப் பைகளும் தைத்தோம். வருகிற காசில் பத்தில் ஒரு பங்கு ஒரு டப்பாவில் போனது. அதற்கும் பிடி அரிசி என்றுதான் பெயர் வைத்தோம்.

அந்த நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம். அப்பாவின் காலத்தில் தோல் கழிவு ஓடிய ஆறு, கரை கொள்ளாமல் போனது. இரண்டு வாரம் சரக்கு வரவில்லை. ராத்திரி எனக்குப் பழைய பயம் வந்தது, தோண்டத் தொடங்கினேன். பிறகு டப்பாவைத் திறந்து மூன்று பாகமாகப் பிரித்துக் கொடுத்தோம். வேலை நின்றது, வீடு நிற்கவில்லை.

2022இல் பெண்கள் ஞாயிறு வந்தது. நான் சாட்சி சொல்கிறேன் என்று பேர் கொடுத்தேன். "கடன் முடியட்டும்மா, அப்புறம் சொல்லலாம்" என்றார் போதகரம்மா. "நகோமி முடியறதுக்கு முன்னாடியேதான் சொன்னாங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் பேரை எழுதிக்கொண்டார். அன்று மைக்கில், எனக்கு இன்னும் 43,000 ரூபாய் கடன் இருக்கிறது என்று தொடங்கினேன். பின்வரிசையில் ஒரு இருமல் கேட்டது. தொழில் நின்றதற்கு நான் பாவம் செய்ததாக ஆண்டவர் எனக்குச் சொல்லவில்லை என்றேன். எனக்குச் சோறு போட்டது நாம் எல்லோரும் சேர்த்த அரிசி என்றேன். அவ்வளவுதான், நான்கு நிமிஷம். கடன் முழுவதும் தீர்ந்தது 2024 மார்ச்சில். அதற்குத் தனியாகச் சாட்சி சொல்லவில்லை.

அந்த நான்கு நிமிஷத்துக்குப் பிறகுதான் மற்றவர்களின் கதைகள் என்னிடம் வரத் தொடங்கின. பெட்டிக்கடை மூடியவர் ஒருவர். புருஷன் வீட்டிலிருந்து இரண்டாவது தடவை திரும்பி வந்த ஒருத்தி. சிலுவையைச் சுமக்கச் சொல்லி அவளை முதல் தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். நீட் தேர்வில் இரண்டு தடவையும் தேறாத ஒரு பெண், தைக்கிற இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இது எனக்குக் கடவுள் சித்தம் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படித் தெரிஞ்சிக்கறது?"

எனக்கு அதற்குப் பதில் தெரியாது. "மூணாவது தடவை எழுதலாமா வேணாமான்னு உன் உடம்பைக் கேளு, உங்க வீட்டுக் காசைக் கேளு, ஜெபம் பண்ணியும் கேளு. ஆனா சித்தத்தை உனக்குப் பதிலா வேற யாரும் படிச்சுச் சொல்ல விடாத" என்று மட்டும் சொன்னேன். மேரி வர்கீஸின் கதையையும் சொன்னேன். அவள் இப்போது செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம். அது தோல்வியா வெற்றியா என்று அவளைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிடி அரிசி விஷயத்தில் எங்கள் பெண்கள் சங்கம் இரண்டு வருடம் சண்டை போட்டது. கட்டட நிதிக்குப் போகிற அரிசியில் கை வைக்கக் கூடாது என்று சபைக் கமிட்டி ஆண்கள் சொன்னார்கள். பெரியம்மா விடவில்லை. அரிசி எங்கள் அடுப்படியிலிருந்து வருகிறது, அது எங்கே போக வேண்டும் என்று நாங்களும் சொல்வோம் என்றார். இப்போது மூன்று மாதத்தில் ஒரு மாத அரிசி, வேலை நின்றுபோன பெண்களின் வீட்டுக்குப் போகிறது. போன தடவை ஷூ கம்பெனி ஒன்றில் ஆட்குறைப்பு நடந்தபோது இரண்டு வீட்டுக்குக் கொடுத்தோம். அதில் ஒன்று முஸ்லிம் வீடு. சபைக்கு வராதவர்களுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

பெரியம்மா தலையைத் தூக்காமல் அரிசியை அளந்துகொண்டே கேட்டார்: "ரூத்து மட்டும் எந்தச் சபையாம்?"